வெடிச் சத்தத்தில் போன பெயர்

எங்கள் ஊசிப்பாறையில் இருபத்திரண்டு வயதில் ஒரு கைக்குழந்தை இருந்தாள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொள்வார்கள், பிறகு எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்று கேட்பார்கள். காட்டாத டாக்டர் இல்லை. ஏழு மாதப் பிள்ளைக்குரிய எடை, ஏழு மாதப் பிள்ளைக்குரிய சிரிப்பு, கீழ் ஈறில் அரிசி முனை மாதிரி எட்டிப் பார்க்கும் ஒற்றைப் பல், எல்லாம் சரியாக இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் எல்லா டாக்டரும் சொன்னார்கள். குழந்தை நன்றாகத்தான் இருந்தாள். வளரவில்லை, அவ்வளவுதான். காரணம் டாக்டருக்குத் தெரியாவிட்டாலும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு வைத்த பெயர் வெடிச் சத்தத்தில் போய்விட்டது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்சிக்காரன் வீட்டில் பிள்ளை பிறந்தால் தலைவர் வந்துதான் பெயர் வைக்க வேண்டும். அதுவரைக்கும் அது வெறும் பாப்பா அல்லது தம்பி. தலைவர் வரத் தாமதமானால் பிள்ளை பெயரில்லாமலே தவழும், பெயரில்லாமலே நடக்கும், ஒருவன் பள்ளிக்கூடத்துக்கே போய் "பேரு இன்னும் வரல டீச்சர்" என்று நின்றிருக்கிறான். எங்களுக்குத் தலைவர் என்றால் அறவாழி அண்ணன்தான். மூன்று தடவை எம்.எல்.ஏ., ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், ஒரு தெருவுக்குள் நுழைந்தால் நாய்க்குட்டி முதற்கொண்டு எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஞாபகம். பிள்ளையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, ஒரு நிமிடம் கண்ணை மூடி, தூய தமிழில் ஒரு பெயரை மைக்கில் விடுவார். பிறைசூடன், அலைகடல், செந்தமிழ்ப்பாவை. அவ்வளவு நீளத்துக்கு வாய் வளையாமல் நாங்கள் பிறை, அலை, செந்தி என்று வெட்டிக்கொண்டோம் என்பது வேறு விஷயம்.

அப்படித்தான் அன்னக்கொடிக்கும் காத்தமுத்துவுக்கும் பிறந்த பெண்பிள்ளை ஏழு மாதம் காத்திருந்தது. அண்ணன் வந்தார். மேளம் வந்தது, ஆரத்தி வந்தது, வேனின் கூரை மேல் அண்ணன் நின்றார், பிள்ளையைக் கை மாற்றி மாற்றி மேலே கொடுத்தார்கள். கிளைச் செயலாளர் பூவலிங்கம் ஆள் நீளத்துக்குப் பத்து மடங்கு சரவெடியைத் தெருவில் விரித்துவிட்டு ஊதுவத்தியோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் சொல்லி முடித்ததும் பற்றவை என்பதுதான் பேச்சு. ஆனால் பூவலிங்கத்துக்கு அண்ணன் மேல் இருந்த பிரியம் கை நடுக்கமாகவே இருக்கும்; அண்ணன் வாயைத் திறந்தார், இவர் பற்றவைத்துவிட்டார். சரம் முழுவதும் வெடித்து முடிகிறவரை புகையில் அண்ணனின் உதடு அசைந்ததைப் பார்த்தவர்கள் உண்டு, கேட்டவர்கள் இல்லை. எல்லோரும் கைதட்டினோம். அண்ணன் கும்பிட்டார், வேன் போய்விட்டது, புகை அடங்கியதும் அன்னக்கொடி பக்கத்தில் நின்றவளிடம் மெதுவாக, "என்ன பேருக்கா சொன்னாக?" என்றாள், அவள் அடுத்தவளைப் பார்த்தாள், அடுத்தவள் அதற்கடுத்தவளைப் பார்த்தாள், தெருக் கடைசி வரைக்கும் அந்தக் கேள்வி போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தது.

அப்போதே ஒரு சைக்கிளில் துரத்திப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் தலைவர் வைத்த பெயர் எங்கள் காதில் விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? கேட்காமல்தான் கைதட்டினீர்களா என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? "நாளைக்கு ஆபீசுல போய்ப் பதவிசாக் கேட்டுக்கிருவோம்" என்றார் பூவலிங்கம். நாளை போனது, மறுநாள் போனது, மரியாதை பார்த்துப் பார்த்து ஒரு மாதம் போனது. பிறகு அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். பிறகு பேப்பரில் கறுப்புக் கட்டம் கட்டி அவர் படம் வந்தது.

வேறு பெயர் வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். காத்தமுத்துவின் மாமனாரும் கேட்டார், அவரை ஊரே வாயை மூடச் சொன்னது. வைத்த பெயர் ஒன்று இருக்கும்போது அதன் தலைமேல் இன்னொன்றை வைப்பது செத்த மனிதனுக்குச் செய்கிற துரோகமில்லையா? அதனால் வைத்த பெயரைத் தேடினோம். வெள்ளிக்கிழமை தோறும் யாராவது வந்து தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் வைத்திருக்கக்கூடிய பெயர்களாகச் சொல்லிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்துத் தமிழய்யா சங்கப் பாட்டு முதற்கொண்டு எடுத்துக்கொண்டு வந்து சொன்னார். குறிஞ்சி, முல்லை, பொன்னி, பொருநை, யாழிசை, பிறைநுதல். பிள்ளை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சிரித்தாள், எதற்கும் திரும்பவில்லை. பெயர் ஊரைவிட்டுப் போயிருக்காது, புகையோடு கிளம்பி எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது என்று நாங்கள் நம்பினோம். பொழுது சாய்கிற நேரத்தில் பனங்காட்டில் காற்று அடித்தால் நின்று காது கொடுத்துக் கேட்போம். "கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு" என்று வாரத்துக்கு ஒருவர் மூச்சிரைக்க ஓடி வருவார். அன்னக்கொடி ஒவ்வொரு தடவையும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்திருப்பாள்.

வளரவில்லை என்பதை உடனே கவனிக்கவும் இல்லை. அடுத்துப் பிறந்த ஆண்பிள்ளைக்கு, எந்தத் தலைவரும் வந்துவிடுவதற்குள், பிரசவ வார்டிலேயே காத்தமுத்து அவசர அவசரமாகப் பிரவீன் என்று பெயர் வைத்துவிட்டார். அந்தப் பிரவீன் தவழ்ந்துபோய் அக்காவின் கிலுகிலுப்பையைப் பிடுங்கிய அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

உறைத்தது, பழகியும் போயிற்று. போலியோ சொட்டு மருந்து போடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ஆள் அவள்தான். அங்கன்வாடியில் எடை பார்க்கிற ஆயா ஓய்வு பெற்று, அடுத்த ஆயா வந்து அவளும் ஓய்வு பெற்றாள், தராசு முள் மட்டும் அதே இடத்தில் நின்றது. அவளோடு ஒரே மாதத்தில் பிறந்த செந்தி வயசுக்கு வந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து இவள் பக்கத்தில் ஒரே தொட்டிலில் போட்டுவிட்டு, "என் சோட்டுக்காரிய நல்லாப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போவாள். எங்கள் ஊருக்கு வாழ வருகிற மருமகள்கள் பிள்ளை தூக்கிப் பழகியது இவளை வைத்துத்தான். என்ஜினியரிங் படிக்கிற பிரவீன் லீவுக்கு வந்தால் அக்காவை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கிரிக்கெட் பார்ப்பான். "அக்கா, அவுட்டுக்கா" என்று அவன் சொல்வதும் அக்கா அவன் காதைக் கடிப்பதும் எங்கள் கண்ணுக்கு விசித்திரமாகத் தெரிந்ததே இல்லை. வீட்டில் ஒரு கைக்குழந்தை எப்போதும் இருப்பது ஊருக்கே ஒரு குளிர்ச்சி என்றுகூட எங்களில் சிலர் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

அன்னக்கொடி முன்னால் அப்படிச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இடது இடுப்பு ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. ஒருநாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றவள் யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "எம்பிள்ள அழகா இருக்கான்னு எல்லாரும் கொஞ்சுறிய. நான் செத்தா இவள யாரு இடுப்புல வைப்பா? பிரவீனுக்கு வாரவ வைப்பாளா? அவ செத்தா?" நாங்கள் அவரவர் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தோம்.

பெயர் போன அன்றிலிருந்து பூவலிங்கம் வெடியைக் கையால் தொடவில்லை. அவர் தொடவில்லை என்பதால் நாங்களும் தொடவில்லை. தீபாவளிக்கு ஊசிப்பாறையில் மத்தாப்பு மட்டும்தான், கல்யாணத்துக்கு மேளம் மட்டும்தான், சாவுக்குக்கூட வெடி இல்லாமல்தான் தூக்கிப் போனோம். 'வெடி' பூவலிங்கம் என்ற பட்டப்பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. மனிதர் கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. தொட்டில் கயிறு நைந்தால் மாற்றுவதும், பிள்ளைக்கு எண்ணெய் வாங்கி வருவதும், அன்னக்கொடி வேலைக்குப் போனால் தொட்டிலை ஆட்டுவதுமாக அவர் தலை நரைத்தது.

வாங்கி வருகிற எண்ணெய் அறவாழி அண்ணன் மகளுடைய எண்ணெய். ஒட்டகச்சிவிங்கி மார்க் நல்லெண்ணெய் என்றால் எங்கள் ஜில்லாவில் தெரியாத அடுப்படி கிடையாது. எண்ணெய்க்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது ஊரே அண்ணனை அவர் உயரத்துக்காக அந்த மிருகத்தின் பெயரால் கேலி செய்யுமாம். ஒற்றைச் செக்கில் ஆரம்பித்து மூன்று ஆலை வைத்திருந்த அந்த அம்மாளின் பெயர் வெற்றிச்செல்வி. அவளும் பெயருக்குக் காத்திருந்த பிள்ளைதான். அண்ணன் தன் தலைவர் வந்துதான் வைக்க வேண்டும் என்று அவளை நாலு வயது வரைக்கும் பாப்பாவாகவே வைத்திருந்தார். கடைசியில் வந்த பெரிய தலைவர் களைப்பில் அன்றைக்கு வரிசையாகக் கொடுத்த அத்தனை பெண்பிள்ளைக்கும் வெற்றிச்செல்வி என்றே சொல்லிவிட்டுப் போனார். அதனாலோ என்னவோ வீட்டிலும் ஆலையிலும் அவள் கடைசிவரை பாப்பாதான்.

அப்பா போன பிறகு அரசியல் பக்கமே தலைவைக்காத பாப்பா, பிள்ளைக்கு இருபத்திரண்டு வயசான வருஷம் வந்த தேர்தலில் நிற்கிறாள் என்று செய்தி வந்தது. "எண்ணெ வித்தவளுக்கு ஓட்டு கேக்கத் தெரியுமா?" என்றார்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். தெரிந்தது. தொகுதி முழுக்க வெயிலில் நடந்தாள், அப்பா நடந்த தெருவிலெல்லாம் நடந்தாள், அப்பாவைத் தூக்கிய தோள்கள் எல்லாம் வயதாகி அவளைப் பார்த்து அழுதன. எங்கள் ஊருக்கு மட்டும் வரவில்லை. இடதுபக்கம் புதுப்பட்டிக்கு வந்தாள், வலதுபக்கம் கீழக்கரிசலுக்கு வந்தாள், நடுவில் நாங்கள் ஆரத்தித் தட்டோடு நின்றோம். வேன் எங்கள் விலக்கு ரோட்டில் திரும்பாமல் போனது. இரண்டு தடவை இப்படி ஆன பிறகு பூவலிங்கம் வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறி அவள் வீட்டுக்கே போனார்.

"ஊசிப்பாறய விட்டுட்டியே பாப்பா."

"நேரம் அமையல சித்தப்பா."

"நேரம் கெடக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அண்ணன் அந்தப் பேர வீட்டுல சொல்லாமயா இருந்திருப்பாக? ஒனக்குத் தெரியும்ல? என் வெடியால போன பேரு. நான் கண்ண மூடுறதுக்குள்ள அந்தப் பிள்ள தரையில கால் ஊணணும் பாப்பா."

அவர் குடிக்காமல் வைத்த காபியில் ஆடை படிந்துவிட்டதாம். பிறகு, "வர்றேன் சித்தப்பா. ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றாளாம்.

அந்த ஒரு வாரம் எங்கள் ஊர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பெயரைச் சொன்னதும் பிள்ளை என்ன ஆகும் என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு நாளாகத்தான் வளருவாள் என்றது ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, வரவேண்டிய வயசு மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும், அந்த இடத்திலேயே கன்னிப்பெண்ணாக நிற்பாள், அதனால் மறைப்புக்கு ஆள் வேண்டும் என்றது இன்னொரு கட்சி. செந்தி தன் கல்யாணச் சேலையைத் தேய்த்து வைத்தாள். யாரோ ஒரு பள்ளிக்கூடச் சீருடையும் எடுத்து வைத்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. நின்ற இடத்தில் இருபத்திரண்டு வயசு ஆனால் அவளுக்கும் ஓட்டு உண்டா என்று ஓட்டுச்சாவடி வாத்தியார்களிடம் விசாரிக்கப் போன ஆளும் உண்டு. பெயர் வைப்பது வாக்காளருக்குக் கொடுக்கிற அன்பளிப்புக் கணக்கில் வருமா என்று தேர்தல் பறக்கும் படைக்கே குழப்பம்; வீடியோக்காரரோடு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள், செந்தி அவர்களுக்கு மோர் கொடுத்தாள்.

கட்சியில் பிரச்சாரத்தைப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து ஒரு ஆள் வந்திருந்தார், கறுப்புக் கண்ணாடி போட்ட இளம் மேனேஜர். வேன் வந்து நின்றதும் அதன் பின்னால் வைத்து அவர் வெற்றிச்செல்வியிடம் சொன்னதை எங்கள் பொம்பளைகள் நான்கு பேர் கேட்டார்கள். "அறச்செல்வின்னு சொல்லிருங்க மேடம். அப்பா பேரும் இருக்கு, உங்க பேரும் இருக்கு. அன்னைக்குச் சொன்னது அதுதான்னா யாரு இல்லன்னு சொல்லப்போறா?"

"பிள்ள திரும்பாது தம்பி."

"அது தேர்தலுக்கு அப்புறம் மேடம்."

அவள் ஏணியில் ஏறி வேனின் மேலே போனாள். பிள்ளையைக் கை மாற்றி மாற்றி மேலே கொடுத்தோம், அன்றைக்குக் கொடுத்த மாதிரியே. அன்னக்கொடியையும் மேலே ஏற்றிவிட்டார்கள். முழங்கால் வலியில் அவள் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினாள். பூவலிங்கம் வெறுங்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில், யார் வீட்டுச் சுவரிலும் படாமல் தள்ளி நின்றார். அவர் கையில் ஒரு தீக்குச்சிகூட இல்லை என்பதை எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று நின்ற மாதிரி இருந்தது.

வெற்றிச்செல்வி பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டாள். பிள்ளை அவள் காதில் கிடந்த தோட்டைப் பிடித்தது. மைக்கை வாங்கினாள்.

"எங்கப்பா இந்தப் பிள்ளைக்குப் பேரே வைக்கல" என்றாள்.

மைக் கீச்சென்றது. அவள் அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அன்னைக்கு இங்க நின்னப்பவே அப்பாவுக்கு ஞாபகம் போக ஆரம்பிச்சிருச்சு. வீட்டுல எங்களுக்கு மட்டும் தெரியும். எத்தன ஆயிரம் பேரு பேர மனசுல வச்சிருந்தவர் அவர்! இந்தப் பிள்ளையத் தூக்கினாராம், கண்ண மூடினாராம், உள்ள ஒண்ணுமே இல்லையாம். வாயத் தொறந்தேன் பாப்பா, பேரு வரல, அதுக்குள்ள வெடி வெடிச்சுது, சனம் கைதட்டிருச்சு, நானும் கும்புட்டுட்டு வந்துட்டேன்னு ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. போகணும், ஊசிப்பாறைக்குப் போய் ஒரு பேரு வச்சுட்டு வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கடைசியில ஊசிப்பாறைங்கிற பேரும் மறந்துபோச்சு. என் பேரும் மறந்துபோச்சு."

கூட்டத்தில் யாரோ, "அப்ப எங்கண்ணன் எங்கள ஏமாத்திட்டாரா?" என்று கத்தினார்கள்.

"ஏமாத்தல. பயந்துட்டாரு. பெரிய மனுசங்களும் பயப்படுவாங்க. நானும் பயந்துதான் இந்த ஊருக்கு வராம இருந்தேன். அப்பாவப் பத்தி இப்படி ஒரு வார்த்த என் வாயால வரக்கூடாதுன்னு இருந்தேன்."

அப்போது அன்னக்கொடி பேசினாள். அவள் மைக்கில் பேசவில்லை, ஆனால் கடைசித் தெரு வரைக்கும் கேட்டது. "ஒங்கப்பன் மானம் போகும்னு எம்பிள்ளய வளரவிடாம வச்சிருந்தியா நீ? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அன்னைக்கே ஒரு பேரு வச்சிருப்பேனே! இன்னேரம் செந்தி மாதிரி இவளும் ஒரு வீட்டுக்குப் போயிருப்பாளே!" என்றவள் வெற்றிச்செல்வி தோளிலிருந்து பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிய வேகத்தில் தோடும் பிள்ளையின் கையோடு வந்துவிட்டது. வெற்றிச்செல்வியின் காதில் ரத்தம் துளிர்த்தது. அவள் துடைக்கவில்லை. "தப்புதான்" என்றாள். அதற்கு மேல் ஒரு சமாதானமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எங்களுக்கே கோபம் வந்திருக்கும்.

கூட்டத்தின் கடைசியில் ஒரு சத்தம் கேட்டது. பூவலிங்கம் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நரைத்த மீசையும் வெள்ளைச்சட்டையுமாக ஒரு மனிதர் அப்படி அழுது நாங்கள் பார்த்ததில்லை. "அப்ப என் வெடியில்லையா பாப்பா? என் வெடியால போகலையா?"

"இல்ல சித்தப்பா. உங்க வெடிதான் அன்னைக்கு அப்பா மானத்தக் காப்பாத்துச்சு. ஞாபகம் இருந்த வரைக்கும் அப்பா அதச் சொல்லிச் சொல்லிக் கையெடுத்தாரு."

அவரைத் தூக்கி நிறுத்த நாலு பேர் வேண்டியிருந்தது. வேனின் மேலே அன்னக்கொடி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வெற்றிச்செல்வி மைக்கை அவள் பக்கம் நீட்டினாள். "அப்பாவுக்கு வராத பேரு எனக்கும் வராதுக்கா. அன்னைக்கே வச்சிருப்பேன்னு சொன்னீங்களே, என்ன பேரு அது?"

அன்னக்கொடி மைக்கையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் எத்தனையோ வெள்ளிக்கிழமை குறிஞ்சி என்றும் முல்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் வாய்க்குள்ளேயே வைத்து விழுங்கிய பெயரை, அண்ணன் இப்படி ஒரு பெயரை வைத்திருக்கவே மாட்டார் என்று ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்காத பெயரை, அன்றைக்குச் சொன்னாள்.

"ஜெசிந்தா."

தமிழய்யா, "அது வேதக்கோயிலுக்குப் போறவுக பேருல்லம்மா?" என்றார்.

"இருக்கட்டும். பிள்ள குறுக்கால கெடக்கு, ஜீப் வர்ற வரைக்கும் தாங்காதுன்னு எல்லாரும் கைய விரிச்சப்ப, விடிய விடிய என் காலடியில உக்காந்து இவளத் திருப்பி எடுத்துக் குடுத்த நர்சம்மா பேரு அது. இவள மொதல்ல தொட்ட கை அந்தக் கை. ஜெசிந்தா."

பிள்ளை திரும்பினாள். தோட்டை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தவள், யாரோ தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்கிற மாதிரித் தலையைத் திருப்பித் தாயைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. கீழே சேலையை விரித்து மறைப்புக் கட்டத் தயாராக நின்ற பொம்பளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பூவலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, "ஒனக்குக் கேட்டுச்சா? ஒனக்கு? என்ன பேரு, சொல்லு பாப்போம்" என்று ஒவ்வொருத்தர் வாயிலும் பெயரை வாங்கிச் சரிபார்த்தார். பறக்கும் படைக்காரர்களும் சொல்ல வேண்டியதாயிற்று. வெற்றிச்செல்வி ஓட்டுக் கேட்கவே இல்லை, காதைத் துண்டால் பொத்திக்கொண்டு கீழே இறங்கி, வேனுக்குள் உட்கார்ந்து போய்விட்டாள். தோட்டைத் திருப்பிக் கொடுக்க அன்னக்கொடி கூப்பிடவில்லை. அந்தக் குடும்பத்தின் பெயரைக்கூட அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. ஒட்டகச்சிவிங்கி எண்ணெய்ப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எண்ணெய் வாங்கி வரச் சொன்னாள்.

அந்த வாரமே ஜெசிந்தாவுக்கு இரண்டாவது பல் முளைத்தது. ஊரே வரிசையில் நின்று விரலைக் கடிபட்டுப் பார்த்தது.

வீடியோக்காரர் எடுத்தது எப்படியோ வெளியே போய், தொகுதி முழுக்க அலைந்தது. "பேரே வைக்காத குடும்பம்" என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சுவரில் எழுதினார்கள். கறுப்புக் கண்ணாடி மேனேஜர் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். எங்கள் டீக்கடையில் பெரிய விவாதம்: இவ்வளவு உண்மை பேசுகிறவளைச் சட்டசபைக்கு அனுப்பினால் ரோடு வாங்கித் தருவாளா, இல்லை இங்கே ரோடு தேவையில்லை என்கிற உண்மையையும் அங்கே போய்ச் சொல்லிவிடுவாளா? யார் யாருக்குப் போட்டார்கள் என்பது பெட்டிக்குத்தான் தெரியும். ஆனால் ஓட்டுப் போட்ட அன்று பூவலிங்கம் அதிகாலையிலேயே குளித்துவிட்டு, பள்ளிக்கூட வாசலில் முதல் ஆளாக, தலை நிமிர்ந்து நின்றதை நாங்கள் பார்த்தோம்.

எண்ணுகிற நாள் வந்தது. டீக்கடை டிவியில் ஆரம்பத்திலிருந்தே வெற்றிச்செல்வி பின்தங்கினாள். மதியத்துக்கெல்லாம் முடிந்துவிட்டது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தபோது, அன்னக்கொடி வீட்டுப் பக்கமிருந்து ஒரு கூப்பாடு கேட்டது. ஓடினோம். நடுவீட்டில் விட்டிருந்த ஜெசிந்தா கையை ஊன்றி, முட்டியை ஊன்றி, ஊர்ந்து வாசல்படிக்கு வந்து, படியின் மேல் வயிற்றை வைத்து இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கொஞ்ச நேரம் ஆடி, தெருப்பக்கம் தலைகீழாக இறங்கி, வாயெல்லாம் மண்ணாக எங்களைப் பார்த்துச் சிரித்தாள். தூக்கப் போன பிரவீனை அன்னக்கொடி கையைப் பிடித்து நிறுத்தினாள். மண்ணில் இருந்தது அவள் பிள்ளை, இடுப்பில் யாரும் இல்லை, அதை அவள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எங்கிருந்து எடுத்தார், எப்போது வாங்கி வைத்தார் என்று தெரியவில்லை, பூவலிங்கம் சரவெடியைத் தெரு நீளத்துக்கு விரித்துவிட்டார். "பிள்ளயத் தள்ளித் தூக்கிக்கிருங்க. எல்லாரும் பேசி முடிச்சாச்சா? இனிமே யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லையே?" என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டு பற்றவைத்தார். இருபத்திரண்டு வருஷம் வெடி கேட்காத ஊர் அது. நாய்கள் எல்லாம் புதுப்பட்டிக்கே ஓடிவிட்டன.

சத்தம் காற்றில் எங்கெங்கோ போயிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பூவலிங்கத்தின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் யார் யாரோ அழுகிற சத்தம், அதற்கு நடுவே வெற்றிச்செல்வி குரல்.

"என்ன சித்தப்பா, உங்க ஊருல வெடிச் சத்தம்னு புதுப்பட்டியிலயிருந்து சொல்றாங்க. நாம தோத்துட்டோம். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"தெரியும் பாப்பா. ஜெசிந்தா வாசப்படி தாண்டிட்டா."

அழுகிறவர்களை அவள் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டியது கேட்டது. பிறகு அவள் சிரித்தாள். "படி தாண்டினா கொழுக்கட்ட செய்யணும் சித்தப்பா. செஞ்சு வைக்கச் சொல்லுங்க, வர்றேன்."

சொல்லிவிட்டாள், ஆனால் கொழுக்கட்டை செய்ய வேண்டியவள் அன்னக்கொடி. நாங்கள் எல்லோரும் அன்னக்கொடியைப் பார்த்தோம். அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அரிசி இடிக்கிற சத்தம் கேட்டது.

பொழுது இறங்குகிற நேரத்தில் கார் வந்தது. கொடியைக் கழற்றியிருந்தார்கள். மாலை இல்லை, கூட்டம் இல்லை, காதில் ஒரு தையல் தழும்போடு வெற்றிச்செல்வி இறங்கி, வாசலில் நின்று, உள்ளே போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். ஜெசிந்தாதான் முதலில் அவளைப் பார்த்தது. விட்ட வேலையைத் தொடர்கிற மாதிரி மறுபடியும் ஊர்ந்து வந்து படியின் மேல் வயிற்றை வைத்துக்கொண்டு அவள் சேலை மடிப்பைப் பிடித்து இழுத்தாள். வெற்றிச்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்னக்கொடி அடுப்படியிலிருந்து தட்டோடு வந்தாள். ஆவி பறக்கிற கொழுக்கட்டை, மேலே அந்தத் தோடு, தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். படி தாண்டின கொழுக்கட்டையில் முதலாவது பிள்ளையின் தாய்மாமனுக்குத்தான் என்பது எங்கள் ஊர் வழக்கம். தாய்மாமன் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றான். அன்னக்கொடி அவனைத் தாண்டிக் குனிந்தாள், முழங்கால் வலிக்க வலிக்கக் குனிந்து, தட்டைக் கீழே உட்கார்ந்திருந்தவள் முன்னால் வைத்தாள்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்ட" என்றாள். "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு, பாப்பா."